மலர் வளையத்தில் இருந்த பெயர்

பரிசுக் கூடைகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று மைக்கை விரலால் தட்டிப் பார்த்தாள் குமுதவல்லி. பெடாஸுக்கு அருகிலிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களை வேலை ஏவி மேற்பார்க்கும் மண்டோர் அவள்தான். தமிழும் மலாயும் தடங்கலில்லாமல் பேசுவாள் என்பதால் தொழிலாளர் பாராட்டு விழாவை நடத்தும் வேலை அவளிடம் வந்திருந்தது. மேடையில் ‘நீங்களே எங்கள் குடும்பம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பெண் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில் புது பாத்தேக் சட்டையில் மேனேஜர் தர்மேந்திரன்.

“மண்டோர், ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரிய ஆளுங்க வராங்க. நல்லபடியா நாலு வார்த்தை பேசிருங்க லா” என்று போன வாரம் அவர்தான் கேட்டுக்கொண்டார்.

“பேசிருவோம் பாஸ்” என்றாள். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள். மாசி மாதத்துக்குப் பிறகு சோறு ருசித்தது அன்றுதான்.

மாசியில்தான் அவள் புருசன் வீரமுத்து, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்துவிட்டார். சிரம்பான் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது. ஒரு வெள்ளத்தில் மேனேஜரின் காரை அதே டிராக்டரில் கட்டி இழுத்துக் கரைசேர்த்தவர் அவர். மேனேஜர் துக்க வீட்டுக்கு வரவில்லை. ஆபீஸ் வேனில் மலர் வளையம் மட்டும் வந்தது. ஊதா ஆர்க்கிட் பூக்கள், குறுக்கே வெள்ளை ரிப்பன், அதில் தங்க எழுத்தில் ‘ராமசாமி’ என்று பெயர்.

ராமசாமி உயிரோடு இருந்தார். தோட்டத்தின் இன்னொரு டிராக்டர்காரர். பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர் தன் பெயரைப் படித்துவிட்டு, சட்டென்று எழுந்து ரிப்பனை உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்குள் குமுதவல்லி பார்த்துவிட்டாள். அவள் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். மேனேஜர், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மேல் பழியைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். அறைக்குள் கேட்கும் மன்னிப்பு அறைக்குள்ளேயே முடிந்துவிடும். அது அவளுக்குப் போதாது. தினமும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனாள், “குட் மார்னிங் பாஸ்” என்றாள், காத்திருந்தாள்.

இப்போது பரிசு வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்தினாள். முதல் ஆளாக ராமசாமியைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரியிருந்தார். “நானா மொத?” என்று அவர் கூச்சத்தோடு சிரித்தபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“வழக்கமா கிராணி பேரு வாசிப்பாரு” என்றாள் மைக்கில். மலாயிலும் சொன்னாள். “இன்னைக்கு வேணாம். குடும்பம்னா பேரு தெரியாம இருக்குமா? நம்ம மேனேஜரே வாய் நெறையக் கூப்பிட்டுக் குடுப்பாரு.”

இயக்குநர்தான் முதலில் கைதட்டினார்.

தர்மேந்திரன் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கிராணியைப் பார்த்தார். கிராணி தரையைப் பார்த்தார். திடீரென்று மேனேஜரின் முகம் தெளிந்தது. டிராக்டர் ஓட்டுகிற ஆள். அவர்களில் ஒருவன் செத்துவிட்டான், அப்படியானால் இவன் மற்றவன்.

“வீரமுத்து!” என்றார் உரக்க.

இந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ராமசாமி மறுப்பார், எல்லாம் உடையும்.

ராமசாமி லேசாகக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். “ஆமாங்க தொரை” என்றார்.

கூடை கைமாறியது. இயக்குநர் மறுபடி கைதட்டினார். கைக்கு எட்டியது நழுவிப் போவதைக் கண்டு குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இயக்குநருக்குப் புரியட்டும் என்று மலாயில் முதலில் சொல்லிவிட்டு, தமிழுக்கு வந்தாள்.

“அவரு ராமசாமி. வீரமுத்து எம் புருசன். மாசியில எடுத்துட்டோம். அன்னைக்கு நீங்க அனுப்பின வளையத்துல ராமசாமின்னு போட்டிருந்துச்சு. யாரு செத்தான்னுகூட இன்னும் உங்களுக்குத் தெரியல, பாஸ்.”

இயக்குநரின் கைகள் மடியில் இறங்கின. அவர் தர்மேந்திரனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோரி மண்டோர், நான் வந்து...”

“எம் பேரு என்னா, பாஸ்?”

அவர் வாய் திறந்தது, மூடியது. அந்த முகத்தை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“முடிஞ்சுச்சாம்மா?”

ராமசாமி அவளருகே வந்திருந்தார்.

“நீங்க ஏண்ணே ஆமான்னு சொன்னீங்க?”

“பத்துப் பேரு முன்னால எம் பேரு தெரியாம ஒருத்தன் முழிக்கிறது, அவனுக்கு மட்டுமா அசிங்கம்? எனக்கும்தான்.” அவர் குரல் இறங்கியது. “நீ என்னைய மொத ஆளா நிறுத்துனப்ப, நல்லா வேல செய்றேன்னுதான் நிறுத்துறேன்னு நெனச்சேன்.”

கூடையை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போனார். வரிசையில் அடுத்து நின்ற புனிதா முன்னே வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. குமுதவல்லி ஏதோ சொல்ல நினைத்தாள். வாய்க்குப் பக்கத்தில் பிடித்த மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அவள் மூச்சு, பெரிய ஒலிபெருக்கிகள் வழியாக, மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.