கயிறு கட்டிய டாங்கி

1
இந்தக் கதை எனக்கு வறுத்த மீனோடு இலவசமாக வந்தது. எங்கள் விஸ்கான்சின் ஊரில், முன்னாள் படைவீரர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுவல். பக்கத்து நாற்காலிக்காரர் பாதி சொன்னார். மீதியைப் புளுகப்போவது நான்தான்.

2
"டாங்கிகளின் கர்ஜனை எல்மரின் காதில் இன்னும்..."

இந்த வரியை அடித்துவிட்டேன். எல்மர் ஸ்டென்சலின் டாங்கி கர்ஜிக்காது. அது ரப்பர், காற்றடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை ஏமாற்ற அமெரிக்கா அப்படியொரு படை வைத்திருந்தது. பம்பு அடிப்பது, விடிகாலையில் தொய்ந்துகிடக்கும் பீரங்கிக் குழாயை நிமிர்த்துவது, காற்று வீசினால் ஓடிப்போய்க் கயிறு கட்டுவது, இவைதான் எல்மரின் வேலை. யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். (அந்த ரகசியத்தை அரசே திறந்துவிட்டது ரொம்பப் பிற்பாடு.)

மனைவி லவெர்ன் கேட்டபோது, டாங்கிப் பக்கம் இருந்ததாகச் சொல்லிவைத்தான். பொய்யில்லையே! அவள் அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அவள் அண்ணன் ஹார்லன் மட்டும் நம்பவில்லை. (இந்த ஹார்லனை நல்லவனாக்க இரண்டு முறை முயன்றேன். படியமாட்டேன் என்கிறான்.)

3
1958, மே மாதம். மன்றத்து வாசலில் காட்சிக்காக ஒரு பழைய டாங்கி வந்து இறங்கியது. நிஜ இரும்பு, முப்பது டன். போர் நினைவு நாளன்று அதைப்பற்றி எல்மர் பேசுவான் என்று லவெர்ன் பெயர் கொடுத்துவிட்டாள். உளறினால் அவள் மானம் போகும், உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும். மனுஷனுக்கு உருளைக்கிழங்கு சாலட்கூட இறங்கவில்லை.

மேடையேறி வாயைத் திறந்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. (இங்கே அவனை யோசிக்கவைத்து ஒரு பத்தி எழுதினேன். யோசித்திருந்தால் ஓடியிருக்கமாட்டான் என்பதால் கிழித்துப்போட்டேன்.) பந்தலோரம் கிடந்த கயிற்றை வாரிக்கொண்டு ஓடினான். டாங்கியை மேப்பிள் மரத்தோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினான்.

ஊரே திரும்பிப் பார்த்தது. ஹார்லன்தான் பேசினான்:

"மாப்ள, அது எங்கயும் பறந்துடாது. பயப்படாத."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்மரின் கை நின்றுவிட்டது. அவமானத்தில் அவனால் நிமிரவே முடியவில்லை.

4
முடிவு ஒன்று: எல்மர் உண்மையைச் சொல்கிறான். சொல்லமாட்டான், அவனை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: ஹார்லன் மனம் வருந்தி... சரி, விடுங்கள்.

லவெர்ன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கணவன் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தாள். அவசரத்திலும் பிசகாத, நூறு தடவை போட்டுப் பழகிய முடிச்சு. பிறகு டாங்கியைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் நான் புடிச்சுக்கறேன். நீங்க இழுத்துக் கட்டுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டதா, இல்லை, புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லையா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் கயிற்றை விடவில்லை. காற்று இன்னும் நிற்கவில்லை. ஹார்லன் இன்னும் சிரிக்கிறான். என் மீன் வேறு ஆறுகிறது. நீங்கள் கொஞ்சம் வந்து இந்தக் கயிற்றைப் பிடியுங்கள்.