இருபத்திரண்டு நோயாளிகள்

புயல் போன நான்காவது நாள் பின்தெருவுக்குக் கரன்ட் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு வயிறு எரியாதா? எரிந்தது. எனக்குக் கொஞ்சம் கூடவே எரிந்தது.

உடனே விசாரித்தேன். விசாரிப்பது என் வேலை இல்லைதான். ஆனால் இந்தத் தெருவில் அதற்கு வேறு யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டு தெருத் துணியையும் வாங்கிப் போகும் இஸ்திரிக்காரரை நிறுத்திக் கேட்டேன். விஷயம் வெளியே வந்தது.

"அங்க ஒரு டிரைவரோட மாமியார் ஆக்சிஜன் மெஷின்ல இருக்காங்கக்கா. போன் பண்ணி அதச் சொல்லியிருக்காங்க. உயிர் காக்குற மெஷின்னு சொன்னா லிஸ்ட்ல மேல தூக்கிப் போட்டுடுவாங்களாம்."

நான்கு நாளாக நாங்களும்தான் போன் செய்துகொண்டிருந்தோம். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொல்லும், அப்புறம் வயலின். அந்த வயலினைக் கேட்டே பாதிப் பேருக்குப் போனில் சார்ஜ் தீர்ந்தது. ஆக, சொல்ல வேண்டிய வார்த்தை தெரியாமல்தான் இத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்திருந்தோமா?

வீடு திரும்புகிற வழியிலேயே ஐந்து வீட்டில் சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. செய்தியைத்தான் சொன்னேன். செய்தியை வைத்து அவரவர் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் பாடு.

சார்ஜ் மிச்சமிருந்த போன்கள் வீடு வீடாகக் கைமாறின. அன்று பொழுது சாய்வதற்குள் தெருவே படுக்கையில் விழுந்தது. வயலின் ஓய்ந்து ஆள் பேசியதும், மளிகைக்கடைக்காரர் தன் மனைவிக்கு நுரையீரல் போய்விட்டது என்றார். அந்த அம்மாள் அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறவள். எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிற, அதனாலேயே மனு மாமா என்று பேர் வாங்கிய பெரியவர், தன் அம்மாவைச் சேர்த்தார். அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர்தாங்க, மூச்சு விடவே முடியல" என்றேன். அவர் அப்போது கூரைமேல் ஏறித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடு. அப்படிப் போன் செய்தது இருபத்திரண்டு. செய்யாதது எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும்தான்.

அவள் வீட்டில்தான் நிஜமாகவே ஆக்சிஜன் மெஷின் இருந்தது.

அவள் புருஷன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருஷம் புகையும் தூசியும் குடித்து நெஞ்சு கெட்டுப்போய், இரண்டு வருஷமாகக் கட்டிலோடு இருக்கிறார். மெஷின் ராத்திரி பகலாக ஓடும். அந்த உறுமலில் தூக்கம் போகிறது என்று புகார் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. புயலுக்கு அப்புறம் அது ஊமையாகிவிட்டது. இப்போது மாற்றி மாற்றி இரண்டு சிலிண்டர்தான். சிக்கனமாகத் திறந்துவிட்டால் ஒன்று ஒரு நாள் வரும். விடிந்ததும் காலிச் சிலிண்டரோடு ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் நிற்பாள், மதியம் வருவாள், வந்து காலால் மிதித்துத் தைக்கிற மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது.

அவள் புகார் கொடுத்திருக்கிறாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். போனை நம்பாமல் இரண்டாம் நாளே, மனு மாமாவிடம் எழுதி வாங்கி, கரன்ட் ஆபீஸ் கவுன்டரில் நேரில் கொடுத்துவிட்டு வந்தாள். அதனால் அவளுக்காக யாரும் போன் செய்யவில்லை. அவளுடையதுதான் முதலிலேயே போயிருக்கிறதே என்று நினைத்தோம்.

ஒன்பதாம் நாள் காலை ஜீப் வந்தது. தெருவே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தது. வந்தது கம்பம் நடுகிறவர்கள் இல்லை. கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் அதிகாரி. தூங்கிப் பத்து நாளாகியிருக்கும்போல, கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஒரே தெருவுல இருபத்திரண்டு பேர் ஆக்சிஜன்ல இருக்கீங்களாமே. ஆஸ்பத்திரியில கூட அத்தனை பேர் இல்லம்மா. பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

நான் மெல்ல என் வீட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

எங்கள் வரிசையில் முதல் வீடு மளிகைக்கடைக்காரருடையது. அவர் மனைவி அப்போதுதான் தண்ணீர் லாரியில் சண்டை போட்டு, இரண்டு கையிலும் இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"நோயாளி யாரு?"

"இவதாங்க" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்து.

"எனக்கென்னய்யா கேடு?" என்றாள் அவள், தெருமுனைவரை கேட்கிற குரலில்.

அடுத்தது மனு மாமா. "அம்மாவைப் பாக்கணும்" என்றாள் அதிகாரி. மாமா உள்ளே போனார். நிஜமாகவே தேடப் போகிறவர் மாதிரி போனார். திரும்பி வந்து, "வெளிய போயிருக்காங்க" என்றார்.

"ஆக்சிஜனோடயா?"

மாமாவுக்கு எழுத வரும், பேச வராது.

ஏழாவது என் வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் கூரையிலிருந்து எங்கள் வீட்டு நோயாளி, "அடியே, அந்தச் சுத்தியல எங்க வெச்சே?" என்று கத்தினார். கர்ஜித்தார் என்றே சொல்லலாம். அதிகாரி அண்ணாந்து பார்த்தாள். பட்டியல் தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். எங்கள் தெரு முழுக்க அந்தக் கோட்டுக்குள் போயிற்று.

"பொய்ப் புகார்னு எழுதிடறேன். லைன்மேன்லாம் அங்க சோறு தண்ணி இல்லாம கம்பத்துல தொங்கறாங்க. நீங்க இங்க நாடகம் போடறீங்க."

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று ஜீப்வரை பின்னாலேயே ஓடினேன். "எதிர்வீட்ல ஒருத்தர் இருக்காரு. சத்தியமா இருக்காரு."

"இதையேதான் ஏழு வீட்லயும் சொன்னீங்க." தாளை ஒருமுறை பார்த்தாள். "அதுவும் அந்த வீடு இந்த லிஸ்ட்லயே இல்லையேம்மா."

"நேர்ல எழுதிக் குடுத்தா. வாங்க, கண்ணால பாருங்க."

அவள் பெருமூச்சு விட்டபடி தெருவைக் கடந்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

புயலில் உள்தாழ்ப்பாள் பெயர்ந்ததிலிருந்து, கதவு காற்றில் அடித்துக்கொண்டு திறக்கிறது, நாய் நுழைகிறது என்று, வெளியே போகும்போது சங்கிலி கோத்துப் பூட்டிவிட்டுப் போவாள் தையல்காரி. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. சாவி? முன்பெல்லாம் என்னிடம்தான் கொடுப்பாள். ஒரு நாள் திரும்பி வந்தவள், நான் அவளுடைய பீரோவைத் திறந்து புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். எப்படி அடுக்கியிருக்கிறாள் என்றுதான் பார்த்தேன். அதோடு சாவி வருவது நின்றது.

"பூட்டின வீட்ல நோயாளியாம்மா?" என்றாள் அதிகாரி.

"உள்ளதான் இருக்காரு! கண்டக்டரே, கொரல் குடுங்க!"

குரல் கொடுக்க அவரிடம் மூச்சு ஏது? ஜீப் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான். இன்னும் நான்கு தெரு பாக்கியாம். அவள் போய் ஏறிக்கொண்டாள். ஜீப் முனை திரும்பி, புகையும் அடங்கிய பிறகுதான் எனக்கு அது கேட்டது. கண்டக்டர் வேலையில் டிக்கெட்டுக்கு ஓட்டை போட்ட இடுக்கியால் உள்ளே இரும்புக் கட்டிலில் தட்டுகிற சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டக். எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாரோ.

பலகைமேல் வாயை வைத்து, "அவங்க போயிட்டாங்க" என்றேன். தட்டுவது நின்றது.

மதியம் தையல்காரி ஒரு சிலிண்டரோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், போன் செய்யச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது உள்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சிலிண்டர ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். பிடித்து உள்ளே வைத்தோம்.

பின் நாங்கள் பத்துப் பேர் அவளையும் கூட்டிக்கொண்டு கரன்ட் ஆபீஸுக்குப் போனோம். வாசலில் எங்களைப் போலப் பல தெருக்காரர்கள். ஒருவன் கண்ணாடியில் செருப்பை வீசினான். இன்னொருவன் அமைச்சர் புயல் சேதத்தை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்ததைச் சொல்லிக் கெட்ட வார்த்தையாலேயே அர்ச்சனை செய்தான். கவுன்டர்காரர் அசையவில்லை. ஒரு மணி நேரம் கத்திய பிறகு, காகிதக் கட்டிலிருந்து தையல்காரியின் மனுவை உருவினார். 'பொதுக் குறைகள்' என்று முத்திரை விழுந்திருந்தது. மனு மாமாவின் கையெழுத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் குடிமக்களின் உரிமை, வரிப்பணம், முந்தைய மூன்று மனுக்களின் தேதி. இரண்டாம் பக்கத்தில் தெருவிளக்கு, சாக்கடை. எல்லாம் முடிந்து கடைசி வரியில், 'மேலும் மேற்படி விண்ணப்பதாரரின் கணவர் பிராணவாயுக் கருவியின் உதவியால் சுவாசித்து வருகிறார் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஆபீஸில் யாரும் அந்தக் கடைசி வரிவரை படித்து வந்திருக்கவில்லை. மாமா தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"உங்க தெருவப் பொய்ப் புகார்ல போட்டாச்சே" என்றார் கவுன்டர்காரர். "புதுசாக் குடுங்க, வரிசைல வரும்."

"வரிசைன்னா எத்தனையாவது?" என்று தையல்காரி கேட்டாள். அங்கே அவள் பேசியது அது ஒன்றுதான்.

"ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம்."

மறுநாள் காலை ஒரு சின்ன லாரி வந்தது. கரன்ட் இருக்கிற ஊரில், மூன்று மணி நேரப் பயணத்தில், அவள் தங்கை வீடு இருந்தது. கட்டிலோடு கண்டக்டரை ஏற்றினோம். மளிகைக்கடை அம்மாள் ஒருத்தியே கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தார். தையல்காரி கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் கையை நீட்டவும் இல்லை.

சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததில் மூன்று மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமானது என்று பிறகு தெரிந்தது. போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அவர் போய்விட்டார். கடைக்காரருக்குத்தான் போன் செய்து சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் ஒரு செய்தி இன்னொருத்தர் வாயிலிருந்து எனக்கு வந்தது அது முதல் தடவை.

பதினான்காம் நாள் எங்களுக்குக் கரன்ட் வந்தது. யாரும் கைதட்டவில்லை. வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது. ஏதோ தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். கோடு இழுத்த கதையெல்லாம் அங்கே போய்ச் சேரவில்லைபோலும்.

"உங்க புகாரின்படி மின்சாரம் சரிசெஞ்சாச்சும்மா. ஆக்சிஜன் மெஷின்ல இருக்கிறவர் இப்ப நல்லா இருக்காரா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காற்று வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"அவர் எங்க வீட்ல இல்லம்மா" என்றேன். "எதிர்வீட்ல."

சற்று நேரம் விசைப்பலகை தட்டுகிற சத்தம்.

"அந்த வீட்டுப் பேர்ல புகாரே எதுவும் இல்லையேம்மா" என்றாள். "உங்களத முடிச்சிடலாமா?"