முழுப் பேருக்கு ஒரு சிரிப்பு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நாம் கேட்கும் சிரிப்பு பெரும்பாலும் பின்னால் ஒட்டப்படுவது. கண்டி ஸ்டூடியோவில் அந்த வேலை பியட்றிஸினுடையது. கட்டுகஸ்தோட்டை மண்டபம் ஒன்றில் ஆட்களை உட்காரவைத்துப் பதிந்த சிரிப்புகள் அவளுடைய கணினியில் இருந்தன: மெல்லிய சிரிப்பு, வயிறு குலுங்கும் சிரிப்பு, எல்லாருக்கும் முந்திக்கொள்ளும் ஒரு பெண்ணின் கீச்சுக் குரல். வசனம் முடிகிற நொடியில் ஒன்றை ஒட்டினால் வீட்டில் பார்ப்பவர்களும் சிரிப்பார்கள். கொட்டாவியைப் போல அது தொற்றும். யாருடைய பேச்சுக்குப் பின்னால் ஒட்டுகிறோமோ, அவர்தான் கோமாளி.

தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் குடிவந்த ஒரு குடும்பமும், பெரிய கணக்குகளை மனதிலேயே போடும் அவர்களுடைய பையனும்தான் தொடரின் கதை. எழுதி இயக்குபவர் மயில்வாகனம். பையனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அந்த வாரத்தில் அதன் தலைமையாசிரியரான அதிபராகவும் அவரே நடித்திருந்தார்.

"உம்மட முழுப் பேர் என்ன?" என்று அதிபர் அப்பாவைக் கேட்கிறார்.

"இன்னிக்கு முழுப் பேர் இல்லீங்க. அரைப் பேர்தான். புள்ளைய கூட்டியாந்தேன்ல."

தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் பதிவதைப் பேர் போடுவது என்பார்கள். பாதி நாள் உழைத்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

பியட்றிஸின் கை நின்றது. அது அவளுடைய அப்பா யாகப்பர், அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளில் உண்மையாகவே சொன்னது. அன்று அவர் கூட்டிப்போன பிள்ளை அவள்தான். அதைப் போன மாதம் தேநீர் குடிக்கையில் மயில்வாகனத்திடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தாள்.

"இத எடுத்துருங்க சார். எங்க அப்பா பேசுனது."

"அதுதானே உயிரா இருக்கு. இதில நல்ல பெரிய சிரிப்பாப் போடும்."

"அப்பா புசல்லாவையில பாப்பாரு. லயமே பாக்கும்."

"பாக்கட்டும். அவரும் சிரிப்பார்."

"அன்னைக்கு அவரு சிரிக்கல சார். ஹெட்மாஸ்டர்தான் சிரிச்சாரு."

"சும்மா கிடவும் பியட்றிஸ். நான் போறன், சிரிப்பு உம்மட பாடு."

என் பாடுதான் என்று அவள் கதவைச் சாத்தினாள்.

அப்பாவின் வசனத்துக்குப் பின் ஒன்றும் ஒட்டவில்லை. சிரிப்பு விழாத இடத்தில் பார்ப்பவர்களின் கண் முகத்துக்குப் போகும். கைகளைப் பிசைந்தபடி நின்ற அந்த மனிதரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. "பேர் எண்டா என்ன எண்டும் விளங்கேல்லையோ?" என்று அதிபர் கேட்டதும் வயிறு குலுங்கும் சிரிப்பை ஒட்டினாள். அவர் கழுத்துப் பட்டியை நேராக்கியதும் இன்னொன்று. பையனிடம் கணக்குக் கேட்டுவிட்டு விடைக்காகத் தன் தாளை எட்டிப் பார்த்ததும் கீச்சுக் குரல்காரி.

ஞாயிறு மாலை, புசல்லாவைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கூட்டம். பியட்றிஸும் வந்திருந்தாள். அரைப் பேர் வசனத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. யாகப்பர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிபர் வாய் திறந்தார். லயம் குலுங்கியது.

"ஏம்மா, இந்தாளு எதைச் சொன்னாலும் சிரிக்கிறாங்களே?"

"நல்லா சிரிக்கட்டும்ப்பா."

"ஆமா. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று யாகப்பர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்? சிரிப்பெல்லாம் எனக்கு விழுகுது. வீட்டுக்கு வந்த சனமும் சிரிக்குது."

"தொத்தும்ல சார்."

"நாளைக்கு வாரும், கதைக்கிறன்."

"வர்றேன். இப்ப வச்சுறாதீங்க, இன்னும் முடியல. உங்க முழுப் பேர் வரப்போவுது."

திரையில் எழுத்துகள் ஏறின. எழுத்து, இயக்கம்: சின்னத்தம்பி மயில்வாகனம். மண்டபத்தில் பதிந்ததிலேயே நீளமான சிரிப்பை அவள் அங்கேதான் ஒட்டியிருந்தாள். கீச்சுக் குரல்காரி தொடங்கிவைத்தாள். லயம் சேர்ந்துகொண்டது. தொலைபேசிக்குள், மயில்வாகனத்தின் வீட்டிலும் சிரித்தார்கள். அவர் வைக்கும்வரை பியட்றிஸ் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.