துடைக்காமல் விட்ட பாலிஷ்

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைத் தேடி யாராவது வந்தால், நான் வாசலைத்தான் காட்டுவேன். அங்கே வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். தெருவில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். கை, சட்டை, முகம் எல்லாம் கிரீஸாகத்தான் வீட்டுக்குள் நுழைவார். அதெல்லாம் அவருக்கு அழுக்கே இல்லை. வண்டியில் ஒரு சேற்றுத்துளி தெறித்துவிட்டால் மட்டும் குடி முழுகிப்போன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். என்னைவிட அந்தக் கறுப்பு வண்டியைத்தான் அதிகம் தடவிக்கொடுக்கிறார் என்று எனக்குக் கொஞ்ச காலம் பொறாமைகூட இருந்தது.

அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. தண்ணீரை மேலிருந்து கீழாகத்தான் ஊற்ற வேண்டும். செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும். ஈரம் துடைக்க அவருடைய பழைய பனியன். என் பழைய நைட்டியைக் கொடுத்தால் பொத்தான் கீறிவிடுமாம். கடைசியில் பாலிஷ். கொஞ்சம் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்து, அது காய்ந்து வெள்ளையாகப் பூத்ததும் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இடுக்கில் துளி வெள்ளை தங்கக்கூடாது. அடுத்த வீட்டு டெய்லரின் வண்டியில் அப்படித் தங்கியிருந்ததைப் பார்த்து, "என்ன தம்பி, பல்லு விளக்கிட்டு வாய் கொப்பளிக்காம வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் ரொம்ப நாள் எங்களோடு பேசவே இல்லை.

அந்த ஞாயிறு வேலை கொஞ்சம் தடபுடலாகவே நடந்தது. மகளுக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்து, அன்று சாயங்காலம்தான் முதல் ஷிப்ட். "மகாராணிய நான்தான் கொண்டுபோய் இறக்குவேன்" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய சாலையில், லாரிகளுக்கு நடுவே போக வேண்டும்.

நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"எப்படி? மூஞ்சி தெரியுதா?"

தெரிந்தது. ஆனால் டேங்க் மூடியைச் சுற்றி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனி எழுத்துகளின் இடுக்கில், ஹெட்லைட்டின் விளிம்பில், எங்கே பார்த்தாலும் வெள்ளை. எனக்கு லாண்டரியில் வேலை; வரும் துணிகளில் எங்கே கறை இருக்கிறதென்று பார்த்துப் பிரித்து வைப்பதுதான் நாள் முழுக்க. என் கண்ணிலிருந்து இது தப்புமா? அவரை மடக்க இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. விடுவேனா?

"என்னங்க, இன்னைக்கு நீங்க வாய் கொப்பளிக்க மறந்துட்டீங்களா?"

"எங்க?" என்று குனிந்தார். "சும்மா கதை விடாத. சுத்தமா இருக்கு."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். "நல்லாப் பாருங்க" என்றேன். டேங்க்கில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு துணியை எடுத்து, வெள்ளையே இல்லாத இடத்தில் அழுத்தித் துடைத்தார்.

"இப்ப?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பயம் வந்தது.

கொஞ்ச நாளாகவே இருட்டின பிறகு வேலைக்குக் கூப்பிட்டால் உடம்பு அலுப்பாக இருக்கிறது என்கிறார். கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தரையில் தடவித் தடவித் தேடுகிறார். கூடத்து பல்பு மங்கிவிட்டது, மாற்று என்றார். மாற்றிய பிறகும் அதையே சொன்னார். கிழவனாகிவிட்டீர்கள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஊரார் துணியில் கறை கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டில் நடப்பது தெரியவில்லை.

அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை எழுத்தின் இடுக்கில் வைத்தேன். தடவினார். பொடி ஒட்டியது. விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கட்டை விரலோடு சேர்த்து நெருடிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாங்க?"

"மழைக்கு முன்னாடியே. எல்லாம் புகை மூட்டமா இருக்கு. எதுக்க வர்ற வண்டி லைட்டு மூஞ்சியில அப்பிக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா வண்டியத் தொடாதம்ப. வண்டி இல்லாம நான் எப்படி வேலைக்குப் போறது? டூல் பையத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா நடக்கவா?" கையிலிருந்த துணியை உதறினார். "மெதுவாத்தான் ஓட்டறேன். ஓரமாத்தான் போறேன்."

"அவளைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

"நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போறோம். நான் லீவு போடறேன். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்" என்றேன். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் மனுஷன் நொந்துபோயிருப்பார்.

அதற்குள் மகள் படியிறங்கி வந்துவிட்டாள். புதுச் சட்டை, வாரி முடித்த தலை, முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, போலாமா? முதல் நாளே லேட்டாயிடப் போகுது."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. 'ஏறு' என்று அவர் சொல்லிவிட்டால், மகள் முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவதென்று இருந்தேன்.

"பஸ்ல போலாம்மா" என்றார். "இப்பத்தான் பாலிஷ் போட்டேன். அழுக்காயிடும்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டி அழுக்காகக் கூடாதுன்னு பெத்த பொண்ண பஸ்ல ஏத்தற ஒரே அப்பா நீங்கதான்."

"நான் அப்படித்தான்" என்று சிரித்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்தார்.

நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போனேன். நிறுத்தத்தில் மகள் எங்களிடமிருந்து தள்ளி நின்று, கோபத்தோடு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனையில் ஒரு பஸ் திரும்பியது. அவர் என் பக்கம் நெருங்கி வந்து, அவளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"வர்றது எந்த நம்பரு?"

படித்துச் சொன்னேன்.