எல்லாக் கதவுக்கும் மஞ்சள்

என்ரை மனுசனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருது எண்டது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டது அவருக்குத் தெரியாது. கடல் தாண்டி வந்து பிளாக்டவுனிலை நாங்கள் வீடு கட்டின 1977ஆம் ஆண்டு முழுக்க எங்கடை குடித்தனம் இந்தக் கூத்திலைதான் ஓடினது.

நான் பரமட்டாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலை நேர்ஸ். அங்கை கண் கிளினிக்கிலை வேலை செய்யிறவள் ஒருத்தி ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்கை, "சிவனேஸ்வரி, உன்ரை மனுசன் நேற்று வந்தவர், இப்ப எப்பிடி இருக்கிறார்?" எண்டு கேட்டாள். அவர் அங்கை வந்ததே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரித் தலையை ஆட்டிப்போட்டு, மெல்ல மெல்ல அவளின்ரை வாயைக் கிளறினன். மருந்தில்லாத வியாதியாம். ரெண்டு பக்கத்தாலையும் பார்வை சுருங்கிக்கொண்டு வருமாம், ஒரே மாதிரி நிறங்கள் ஒண்டோடை ஒண்டு கலந்து தெரியுமாம். அதுக்குப் பிறகு என்ன ஆகும் எண்டு நான் கேக்கேல்லை.

ஆனந்தராஜா எனக்குப் புருசன் மட்டுமில்லை, சொந்த மச்சான். மாமியின்ரை மகன். களிசான் போடாத வயசிலையிருந்து அவரை எனக்குத் தெரியும். சைக்கிளாலை விழுந்து முழங்கால் கிழிஞ்சாலும் ஒருதரையும் தூக்கிவிட விடாத ரோசக்காரன். தன்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரியப்போகினமே எண்டுதான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார் எண்டு எனக்கு விளங்கினது. சரி, சொல்லாட்டிப் போகட்டும். தன்ரை வீட்டுக்கையாவது மனுசன் தலை நிமிந்து, ஒருதற்றை கையும் பிடிக்காமல் நடக்கவேணும். எனக்கு வேண்டினது அது ஒண்டுதான்.

இதுக்குள்ளை வீடு கட்டினவன் ஒரு கேள்வியோடை வந்து நிண்டான். கதவு நிலை, யன்னல் சட்டம், சுவரடிப் பலகை எல்லாத்துக்கும் வெள்ளைப் பெயின்ற் அடிக்கிறதோ, இல்லாட்டி மரம் தெரியக் கடும் மண்ணிறச் சாயம் பூசி வாணிஸ் அடிக்கிறதோ? வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லவேணுமாம். சுவரெல்லாம் ஏற்கெனவே பால் வெள்ளை.

எனக்கு வெள்ளை எண்டால் உயிர். இந்த நாட்டிலை இருந்த வாடகை வீடெல்லாம் ஒரே மண்ணிற நிலை, மண்ணிறக் கதவு. பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. எங்கடை வீடு எண்டு ஒண்டு வந்தால் எல்லாம் பளிச்செண்டு வெள்ளையா இருக்கவேணும் எண்டு ரெண்டு வருசமா அவற்றை காதைத் திண்டனான். இப்ப யோசிச்சுப் பாத்தால், வெள்ளைச் சுவருக்கு வெள்ளை நிலை வைச்சால் அந்த மனுசனுக்கு வாசல் எது சுவர் எது எண்டு தெரியுமே?

இரவுச் சாப்பாட்டிலை, "மண்ணிறம்," எண்டன்.

"என்னது?" கையிலை எடுத்த சோறு அப்பிடியே நிண்டுது. "வெள்ளை வெள்ளை எண்டு என்ரை பிராணனை வாங்கினது நீர்தானே?"

"இப்ப மனம் மாறியிட்டுது."

"ஏன் மாறினது?"

"வெள்ளையிலை கை ஊத்தை தெரியும். மஞ்சள் கறை பட்டால் சீவன் போனாலும் போகாது."

"நிலையிலை ஏறி நிண்டே கறி காய்ச்சப் போறீர்?"

"இஞ்சாருங்கோ, விசர்க் கதை கதையாதேங்கோ. குசினி என்ரை, துடைக்கிறதும் நான். எனக்கு மண்ணிறம்தான் வேணும்!"

நான் கத்தினது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனுக்கும் கேட்டிருக்கும். ஆசைப்பட்டதை வேண்டாமெண்டு கத்துறது எவ்வளவு கஷ்டம் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அவரும் விடேல்லை. "உமக்குப் பிடிச்சது வெள்ளை. என்னத்துக்குப் பொய் சொல்லுறீர்?" எண்டு கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினார். ரெண்டு நாள் எங்களுக்குள்ளை பேச்சுப்பறைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை விடியக் காலமை, "சரியப்பா, நான் போன் பண்ணிச் சொல்லுறன்," எண்டு சிரிச்சுக்கொண்டு போனார். நான் வெண்டிட்டன் எண்டு நினைச்சன், மொக்கி.

குடிபுகிறதுக்கு முதல்நாள் வீட்டைப் பாக்கப் போனம். முன்கதவைத் திறந்தால், கோதாரி, எல்லாம் வெள்ளை! நிலை வெள்ளை, சட்டம் வெள்ளை, சுவரடிப் பலகை வெள்ளை. பெயின்ற் மணம் மூக்கைத் துளைச்சுது.

"எப்பிடி?" எண்டார். முகம் பூவா மலந்திருந்தது. "கறைக்குப் பயந்து உம்மடை ஆசையை விடவேண்டாம். இது உம்மடை வீடு."

நல்லாயிருக்கு எண்டு தலையை ஆட்டினன். அவர் அதே சிரிப்போடை குசினிக்குப் போகத் திரும்பினார். நேரை போய்த் தோள்மூட்டாலை நிலையிலை இடிச்சார். மெல்லிசா இல்லை, நல்ல இடி. கறுத்தக் கோட்டிலை வெள்ளைப் பெயின்ற் நீளமா ஒட்டியிட்டுது.

"பாத்தீரே, இன்னும் காயேல்லை," எண்டு சிரிச்சார்.

நானும் சிரிச்சு, கோட்டைக் கழட்டச் சொல்லித் துடைச்சன். பெயின்ற்காரனைத் திருப்பிக் கூப்பிடலாம். ஆனால் ஏன் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? எனக்காகச் செய்ததை அழிச்சுப்போட்டு, நீங்கள் ஒளிச்சது எனக்குத் தெரியும் எண்டும் சொல்லவே? துடைக்கத் துடைக்கக் கறை பரவிச்சுது. அப்பதான் நான் சொன்ன மஞ்சள் கதை எனக்கே ஞாபகம் வந்தது.

அடுத்தநாள் குடிபுகல். அந்தக் காலம் ஐயரைக் கூப்பிட வழியில்லை. எங்களுக்கு முதலே இஞ்சை வந்த அரியரத்தினம் அண்ணை தேவாரம் பாடினார், அவற்றை மனுசி யோகா அக்கா பாலைக் கரண்ட் அடுப்பிலை வைச்சா. குடிபுகேக்கை வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறது வழக்கம். நான் பெரிய சட்டி நிறைய மஞ்சள் குழைச்சன். வெறும் மஞ்சள் வெள்ளையிலை எடுபடாது எண்டு, கல்லுக் கட்டினவங்கள் கராஜிலை விட்டிட்டுப் போன சுண்ணாம்பிலை ஒரு பிடி போட்டன். ஆலாத்திக்குக் கரைச்ச மாதிரிச் செக்கச் சிவந்து வந்தது. வாசல் நிலையை முடிச்சுப்போட்டு ஹோலுக்குப் போனன். ரெண்டு பக்கமும் மேலையிருந்து கீழை வரை, கையகலத்துக்கு இழுத்தன். பிறகு குசினி. பிறகு படுக்கையறை. காயாத பெயின்ற் மஞ்சளை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது.

"அடியே, உனக்கென்ன விசரே!" யோகா அக்கா கரண்டியோடை ஓடிவந்தா. "வாசலுக்கு மட்டும்தானடி பூசுறது! புது வீட்டை நாசமாக்கிறாய்!"

"எங்கடை குடும்பத்திலை எல்லாக் கதவுக்கும் பூசுறது அக்கா."

பச்சைப் பொய். சொல்லி வாய் மூடேல்லை, அவர் எனக்குப் பின்னாலை நிக்கிறது தெரிஞ்சுது. என்ரை குடும்பம்தான் அவற்றை குடும்பமும். எங்கடை ஆக்கள் எந்த நிலைக்கு மஞ்சள் பூசுறவை, எதுக்குப் பூசிறேல்லை எண்டு அவருக்குத் தெரியாதே? திரும்பிப் பாக்கப் பயமா இருந்தது.

அவர் சிவப்புக் கரையைப் பாத்தார். ஒவ்வொரு வாசலாத் திரும்பித் திரும்பிப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். அந்த முகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.

"ஓம் அக்கா," எண்டார் யோகா அக்காவிட்டை. "எங்கடை குடும்பத்திலை அப்பிடித்தான்."

சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போய், பால் செம்பு வைச்ச தட்டை ரெண்டு கையாலையும் தூக்கிக்கொண்டு நடுவாசலாலை நேரை நடந்து வந்தார். எங்கையும் முட்டேல்லை. ஒரு சொட்டும் சிந்தேல்லை. எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டு, எனக்கு மட்டும் கேக்கச் சொன்னார்:

"குளியலறைக் கதவை விட்டிட்டீர். அதுக்கும் பூசும்."