ஆடாத மேஜை

இருபது வருஷமாக ஊராருடைய பொருளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தவர் கப்பல் சமையல்காரர். கைக்கடிகாரம், பட்டுத்துணி, சங்கிலி, ஒருமுறை ஒரு தாத்தாவின் தங்கப் பல்கூட அவர் கையால் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு குண்டூசி குறைந்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான் தையல்காரம்மா மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "எங்கம்மா தோட்டை முழுங்கிட்டார்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார்.

தையல்காரம்மாவின் அண்ணனுக்கு அக்கரையில் வேலை. கடைசிக் காலத்தில் தன்னோடு இருந்த அம்மா விட்டுப்போன நகைகளை மரப்பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டி, தங்கையிடம் சேர்க்கச் சொல்லிச் சமையல்காரரிடம் ஒப்படைத்திருந்தார். ஒரு சங்கிலி, ஒரு ஜோடி கல் தோடு என்று தங்கைக்குக் கடிதமும் போட்டிருந்தார். சமையல்காரர் திங்கட்கிழமை கரை இறங்கியதும் நேராக வந்து, தையல் மேஜைமேல் பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். தையல்காரம்மா திறந்து பார்த்தால் சங்கிலி இருந்தது. தோட்டைக் காணோம்.

வியாழக்கிழமை கப்பல் மறுபடி கிளம்புகிறது. வழக்கமாக அதற்குள் அவர் வாசலில் பொட்டலமும் கையுமாகப் பத்துப் பேர் நிற்பார்கள். இந்தத் தடவை ஈ, காக்கை இல்லை. புதன்கிழமை காலையில் மனுஷர் வாசலையே பார்த்தபடி, அலமாரியில் இருந்த கோப்பைகளுக்கு நடுவே துணியைச் சுருட்டிச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். ஆடுகிற பொருளும் கடகடவென்று சத்தம் போடுகிற பொருளும் அவருக்கு ஆகாது. கப்பலில் கை தானாகப் பழகிய பழக்கம்.

"இது வீடுங்க. இங்க அலை அடிக்காது" என்றாள் மனைவி. "கோப்பையை விட்டுட்டுக் கிளம்புங்க. நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

தையல்காரம்மா இவர்களைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்த மட்டும் நல்லது.

"பெட்டியைத் திறந்தீங்களா, இல்லையா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா திறக்கலம்மா."

"சத்தியத்துக்கு நான்தான் கிடைச்சேனா?" என்றாள் மனைவி.

"அப்போ தோடு கால் முளைச்சு நடந்து போச்சா?" தையல்காரம்மா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தையல் மிஷின் அதிர்ந்தது. பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "தங்கத்துக்காகவா நான் அழறேன்? அம்மா காதுல கிடந்ததுங்க அது. சின்ன வயசுல அந்தக் கல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

தன்னைத் திருடன் என்றதுகூடப் பரவாயில்லை, இந்த அம்மாளின் கண்ணீருக்கு என்ன பதில் சொல்வது? சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த கண்ணில் மேஜையின் கால்கள் பட்டன. திங்கட்கிழமை பெட்டியை வைத்தபோது இதே மேஜை டகடகவென்று ஆடி அவருக்குப் பல் கூசியது. இப்போது அவ்வளவு பலமாகத் தட்டியும் அசையவில்லை.

"மேஜை ஆடவே இல்லையே! என்ன வச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்போ இது ரொம்ப முக்கியம்!"

"உங்க பெட்டியில கிடந்த கரித்துணியைத்தான்" என்று சீறினார் தையல்காரம்மா. "எங்கம்மா நகையோட வெங்காய நாத்தம் பிடிச்ச துணி! ரெண்டு விரலால தூக்கிப் போட்டு, காலாலயே தள்ளி முட்டுக் கொடுத்தேன்."

சமையல்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்கரையிலிருந்து கப்பல் கிளம்பிய மறுநாள் பலத்த காற்று. சமையலறை அலமாரிக்குள் பெட்டி ஓயாமல் கலகலக்கிறது. ஒரு கையில் கரண்டி, அடுப்பில் சூப். ரிப்பனை அவிழ்த்து, தோட்டைக் கரித்துணியில் சுருட்டி, நூலால் இறுகக் கட்டி, மூலையில் திணித்து மூடியது... ஐயோ, அது அவர்தான்! ஆடுகிறதை அடக்குவதைப் பெட்டியைத் திறந்த கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை.

"தூக்குங்க மேஜையை!" என்று அலறினார்.

மூன்று பேரும் மிஷினோடு சேர்த்துத் தூக்கினார்கள். கரித்துணி அப்பளம்போல் தட்டையாகியிருந்தது. தையல்காரம்மா கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். ஒரு தோடு சேதமில்லாமல் இருந்தது. இன்னொன்று வளைந்து, கல் ஒருபக்கம் எட்டிப் பார்த்தது.

"நல்லவேளை, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்" என்றாள் மனைவி.

தையல்காரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போய், அன்றைக்குக் கத்தியதைவிட ஒரு மடங்கு கூடவே கத்தினார். "தோடு கிடைச்சுடுச்சு! என் மேஜைக்குக் கீழதான் இருந்துச்சு! அவர் மேல தப்பில்லை!"

"பாதித் தப்பு என்னுதுதாம்மா" என்றார் சமையல்காரர், தெருவுக்குக் கேட்காமல்.

வியாழக்கிழமை காலை வாசலில் முதல் ஆளாகத் தையல்காரம்மாதான் நின்றார். கையில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு காதில் மட்டும் தோடு.

"வளைஞ்ச தோடு இது. இதைச் செஞ்ச தட்டான் இப்போ எங்கண்ணன் இருக்கற ஊர்லதான் இருக்கார். அவர் கையாலயே சரி பண்ணிக் கொண்டாந்து கொடுங்கண்ணே."

"நானா?"

"வேற யாரு? நீங்க திரும்புற வரைக்கும் ஒத்தைத் தோட்டோடதான் தெருவுல நடப்பேன். கேக்கறவங்க கேக்கட்டும், இன்னொன்னு உங்ககிட்ட இருக்குன்னு சொல்றேன்."

பழக்கதோஷம், சமையல்காரர் பெட்டியை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"துணி வச்சுத்தான் கட்டியிருக்கேன்" என்றார் தையல்காரம்மா. "தோய்ச்ச துணி."