பின்னால் சாய்ந்து தூக்குவது

"கையால தூக்காதீங்க அண்ணி. முழங்காலை மடக்கி, கையை நேரா நீட்டிக்கிட்டு, உடம்பை அப்படியே பின்னால சாயுங்க."

கட்டிலின் தலைமாட்டில் ஏற்கெனவே பாதி குனிந்துவிட்ட அண்ணி அப்படியே நின்றாள். சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் கட்டியிருந்தாள். கட்டிலில் அம்மா. முந்தைய நாள் மாலை மூச்சு நின்றது. காலை விமானத்தில் மகள் வந்து இறங்கினாள். இப்போது குளிப்பாட்டுவதற்காக அம்மாவைப் பக்கத்திலிருந்த பெஞ்சுக்கு மாற்ற வேண்டும்.

சிட்டு என்றால்தான் அந்த வீட்டில் மகளைத் தெரியும். அவள் கால்மாட்டுப் பக்கம் போர்வையின் முனையை உடம்பை ஒட்டும்வரை இறுக்கிச் சுருட்டினாள். பிடி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கனம் குறையும். அண்ணியும் அதேபோல் சுருட்டினாள்.

"இப்ப சாயுங்க. உடனே எழும்பாது. அவசரப்படாதீங்க."

இருவரும் எதிரெதிராகச் சாய்ந்தார்கள். போர்வை விறைத்தது. அம்மா மெல்ல மேலே வந்தாள். நடுவில் தாங்குவதற்காகக் கை நீட்டி நின்ற கீழ்வீட்டு டெய்லரம்மாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"அட, பஞ்சு மாதிரி வந்துட்டாங்களே!"

பெஞ்சில் இறக்கியபின் அண்ணி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும் சிட்டு."

குறையாகச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவிலேயே நல்ல கடை இருந்ததைத் தாமதமாகத் தெரிந்துகொண்டவள் மாதிரிதான் சொன்னாள். "எங்க கத்துக்கிட்ட?"

"வேலையில."

நினைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அண்ணி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாகக் காய்ப்புகள். ஒன்று பிய்ந்து சிவந்திருந்தது.

"ஹோட்டல்ல ரூம் புக் பண்ற வேலைன்னு சொன்ன?"

"கம்ப்யூட்டரை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடக்குறா போல," என்றாள் டெய்லரம்மா. சிரிப்பு வந்த இடம் சரியில்லை என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரூம் புக் செய்யும் வேலைதான். அவள் வேலை பார்க்கும் தீவில் ஹோட்டலுக்கு முன்னால் கடல் இடுப்பளவுக்கு மேல் இல்லாமல் நெடுந்தூரம் கிடக்கும். விண்ட்சர்ஃபிங் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய்மரம், அவ்வளவுதான். ஆனால் புதிதாய்ப் பழகுகிறவர் ஒவ்வொரு முறை விழும்போதும் பாய் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். பார்த்தால் மெல்லிய துணி. இழுத்தால் ஒரு மாட்டின் கனம். கனம் துணியுடையது அல்ல, அதன்மேல் ஏறி உட்கார்ந்த தண்ணீருடையது. கையால் இழுத்தால் முதுகு போய்விடும். பலகைமேல் நின்று, பாயில் கட்டிய கயிற்றைப் பிடித்து, கையை மடக்காமல் பின்னால் சாய வேண்டும். சாய்ந்து காத்திருக்க வேண்டும். ஓரம் கொஞ்சம் தூக்கியதும் தண்ணீர் தானாக வழிந்துவிடும். பிறகு பாய் ஒரு பறவைபோல எழுந்து நிற்கும். அந்தக் கணத்துக்காகத்தான் அவள் நூறு முறை விழுந்தாள்.

அம்மாவைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்தி, அடியில் காய்ந்த போர்வையும் விரித்தாயிற்று. கூடத்தில் அண்ணி உறவுக்காரர்களிடம் பேசுவது அறைக்குள் கேட்டது.

"நம்மகிட்ட ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு, அங்க என்னத்தையெல்லாம் தூக்குறாளோ. கையைப் பாக்க முடியல. அத்தைக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. 'அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதம்மா, அங்க என்ன பாடு படுறாளோ'ன்னு கடைசிவரைக்கும் இதே பேச்சு."

"பாவம்ப்பா அந்தப் பொண்ணு. நாம வேற அவ வரலையேன்னு திட்டிக்கிட்டிருந்தோம்," என்றது ஒரு பெரியப்பாவின் குரல்.

சிட்டு பெஞ்சருகே நின்றாள். காது எரிந்தது. அம்மாவின் முகம் அந்தப் பேச்சை நம்பியதுபோலவே இருந்தது.

அண்ணி களிம்பு டியூபுடன் உள்ளே வந்தாள். மாதக்கணக்கில் படுத்தே கிடந்த அம்மாவின் முதுகுப் புண்ணுக்கு வாங்கியது; பாதிக்கு மேல் பிதுக்கப்பட்டிருந்தது. "கையைக் காட்டு."

"வேண்டாம் அண்ணி."

"காட்டுடி. யாருக்காக மிச்சம் வைக்கணும் இனிமே?"

ஒவ்வொரு காய்ப்பாகத் தடவினாள். நகங்கள் ஒட்ட வெட்டிய விரல்கள். அம்மாவின் தோலில் கீறிவிடக் கூடாதென்று வெட்டியிருப்பாள்.

"எனக்குப் போன மாசம் லீவு கிடைச்சுது அண்ணி."

விரல் நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

"நீங்க போன் பண்ணி, ஒரு வாரம் வந்துட்டுப் போன்னு கேட்டீங்களே, அப்பதான். கிடைக்கலைன்னு சொன்னேன். இது... கடல்ல பாய் கட்டின பலகை ஓட்டுவாங்க, அதுல வந்தது. லீவு முழுக்கக் கத்துக்கிட்டு, இப்பவும் போய்க்கிட்டிருக்கேன்."

"வேலையில இல்ல?"

"இல்ல."

அண்ணி சுண்டுவிரலுக்குக் கீழே விட்டுப்போயிருந்த இடத்திலும் தடவினாள். மூடியைத் திருகினாள். ஜன்னல் விளிம்பில் டியூபை நேராக வைத்தாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் எட்டிப் பார்த்து, "ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு. நான் பிடிக்கவா?" என்றான்.

"வேண்டாம். நாங்களே மாத்திடுறோம்," என்றாள் அண்ணி.

ஸ்ட்ரெச்சரைப் பெஞ்சோடு ஒட்டிப் போட்டார்கள். சிட்டு கால்மாட்டில் போர்வையைச் சுருட்டி, முழங்காலை மடக்கி, கையை நீட்டி, பின்னால் சாய்ந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இழுப்பே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணி போர்வையைச் சுருட்டவில்லை. நன்றாகக் குனிந்து, அம்மாவின் தோளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து முதுகால் தூக்கினாள். அத்தனை மாதமும் தூக்கிய மாதிரியே.

"பிடி," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

சிட்டு பிடித்தாள். களிம்பு தடவிய கை. போர்வையின் முனை விரல்களுக்கிடையில் வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது.